ஆசிரியரிடம் ஒரு கட்டுரையை ஒரு முறைதான் கேட்க வேண்டும்: பல்கலைக்கழக ஆய்வுப் பதிவை அமைக்கும் வழி

ஓர் ஆசிரியர் ஒரு கட்டுரையை வெளியிட்டுவிட்டால், அதன் விவரத்தை அவரிடம் எத்தனை பேர் கேட்கிறார்கள்? கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் குழுவுக்கு அனுப்பும் ஆண்டறிக்கைக்காக, நிறுவனத்தின் உள்தர உறுதிப் பிரிவான ஐக்யூஏசி கேட்கும். தரவரிசை வேலைக்காக டீன் அலுவலகம் கேட்கும். ஆட்சிக்குழுக் கூட்டத்துக்காகப் பதிவாளர் அலுவலகம் கேட்கும். பதவி உயர்வு விண்ணப்பத்தில் அவரே மறுபடி நிரப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி எக்செல் படிவம், தனிக் கெடு, "இன்று மாலை 4 மணிக்குள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. அவசரத்தில் நிரப்பிய அந்தப் படிவங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எண்ணிக்கையைச் சொல்லும். எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் நூலகத்தில் ஆய்வுத் தகவல் பதிவைக் கவனித்துக்கொள்வது என் பணி. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இந்த வேலையைப் புதிதாக ஏற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலும் அவர்கள் நூலகராகவோ, கணினித் துறையில் இளைய ஆசிரியராகவோ இருக்கிறார்கள். கையில் ஒரு கோப்பைக் கொடுத்து "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். என் உறுதியான கருத்து இதுதான்: மதிப்பெண்ணைப் பற்றி யோசிப்பதற்கு முன் பதிவைச் சரிசெய்யுங்கள். யார், எதை, எப்போது, எந்த நிறுவனத்தில் இருந்துகொண்டு செய்தார் என்பது திருத்தமாக இருந்தால் எந்தப் படிவத்தையும் அதிலிருந்தே எடுத்துவிடலாம். அது இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் பிழை வேகமாக அச்சாகுமே தவிர வேறொன்றும் நடக்காது.

மூன்று அட்டவணைகள்

பெரும்பாலான இடங்களில் இருப்பது ஒரே ஓர் எக்செல் தாள். ஒரு வரிசையில் கட்டுரைத் தலைப்பு, அடுத்த கட்டத்தில் ஆசிரியர்கள் எல்லோருடைய பெயரும் காற்புள்ளி போட்டு. இதை உடைக்க வேண்டும். ஆட்களுக்கு ஓர் அட்டவணை, ஆக்கங்களுக்கு ஓர் அட்டவணை, யார் எந்த ஆக்கத்தில் இருக்கிறார் என்பதற்கு மூன்றாவது அட்டவணை.

மூன்றாவதுதான் உயிர்நாடி. ஒரு கட்டுரையில் இயற்பியல் துறையினர் இருவர், வேதியியல் துறையினர் ஒருவர், வெளியூர் ஆய்வகத்தைச் சேர்ந்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நம்மவர் மூவரும் தங்கள் படிவத்தில் எழுதுவார்கள். கூட்டிப் பார்த்தால் மூன்று கட்டுரை. உண்மையில் இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கும் ஒன்றுதான். துறைக் கணக்குகளின் கூட்டுத்தொகை பல்கலைக்கழகக் கணக்கைவிடக் கூடுதலாக இருப்பது இயல்பு. இணைப்பு அட்டவணை இருந்தால் இதை யாருக்கும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

அந்த அட்டவணையில் நான்கு விவரங்கள் கட்டாயம்: ஆளின் அடையாள எண், ஆக்கத்தின் அடையாள எண், ஆசிரியர் வரிசையில் அவரது இடம், அந்தக் கட்டுரையில் அச்சாகியிருக்கும் நிறுவனப் பெயர். கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு கல்லூரியில் இருந்து நம்மிடம் பணிக்கு வந்தவர், அங்கே இருந்தபோது வெளியிட்ட கட்டுரை அவருடைய சுயவிவரத்தில் இருக்க வேண்டும். நம் நிறுவனக் கணக்கில் இருக்கக் கூடாது. இந்த ஒரு கட்டம் இல்லாததால்தான் பல நிறுவனங்களின் எண்ணிக்கை ஊதிப்போகிறது.

பெயர் என்னும் பெரிய சிக்கல்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். உலகத் தரவுத்தளங்கள் குடும்பப்பெயர் உண்டு என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. நமக்கு இருப்பது முன்னெழுத்து. "எஸ்.குமார்" என்று எழுதுகிறவர் ஒரு கட்டுரையில் குமார் எஸ். ஆகிறார். அடுத்த இதழின் படிவம் முழுப்பெயர் கேட்கிறது. முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போடுகிறார். உடனே அப்பாதான் ஆசிரியர் என்பதுபோல் பட்டியலில் அவர் பெயர் முன்னால் வந்து நிற்கிறது. பெண் ஆசிரியர்களுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. திருமணத்துக்கு முன் அப்பாவின் முன்னெழுத்து, பிறகு கணவரின் முன்னெழுத்து. முனைவர் பட்டக் காலத்தில் உழைத்து எழுதிய கட்டுரைகள் ஸ்கோபஸ் என்ற கட்டுரை-மேற்கோள் தரவுத்தளத்தில் ஒரு சுயவிவரத்தில், பணிக்காலக் கட்டுரைகள் இன்னொன்றில். இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

இதற்கு இருக்கும் ஒரே நல்ல மருந்து, ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக உள்ள ஆர்கிட் எண். 2012 முதல் இலவசமாக வழங்கப்படுகிறது. நான்கு நான்காகப் பிரித்த 16 இலக்கங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், சிலருக்கு அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். அது தட்டச்சுப் பிழையல்ல, திருத்திவிடாதீர்கள். நடுவிலுள்ள கோடுகளை நீக்கிவிட்டு எக்செலில் இட்டால், எண் என்று எண்ணிக்கொண்டு முன்னால் இருக்கும் சுழியங்களை எல்லாம் அது விழுங்கிவிடும். ஆகவே அந்த நெடுவரிசையை முதலிலேயே 'உரை' என்று அமைத்துவிடுங்கள்.

ஆர்கிட் எண்ணை ஆசிரியருக்காக நீங்கள் உருவாக்கக் கூடாது. அவரே உருவாக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் விதி. துறைக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கணினியிலேயே செய்யச் சொல்லுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். பணி ஓய்வு பெற்றாலும் மாறுதலாகிப் போனாலும் அந்த எண் அவருடையது. பழைய பெயர் வடிவங்கள் அனைத்தையும் 'பிற பெயர்கள்' பகுதியில் இடச் சொல்லுங்கள். முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குப் பதிவு நாளன்றே இதை முடித்துவிட்டால், பின்னால் பத்து ஆண்டுக் குழப்பம் மிச்சம்.

கூகுள் ஸ்காலர் பக்கத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள். பொதுவான பெயராக இருந்தால், ஒருவருடைய பக்கத்தில் இன்னொரு குமாரின் கட்டுரைகள் தாமாகவே வந்து சேர்ந்துவிடும். அவரிடம் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. தானாகச் சேர்க்கும் வசதி திறந்திருந்தால் போதும்.

நிறுவனப் பெயருக்கும் இதே பாடு. திருச்சிராப்பள்ளி, திருச்சி, டிரிச்சி என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே ஊர் பல வடிவம் எடுக்கிறது. துறைப் பெயரை மட்டும் எழுதிப் பல்கலைக்கழகத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. இணைப்புக் கல்லூரி ஆசிரியர் தம் கல்லூரிப் பெயரை எழுதாமல் பல்கலைக்கழகப் பெயரை மட்டும் எழுதுவதும் உண்டு. கட்டுரையில் அச்சிட வேண்டிய முகவரியை ஒரே வரியாகத் தீர்மானித்து, துணைவேந்தர் அலுவலகச் சுற்றறிக்கையாக அனுப்புங்கள். 2019இல் தொடங்கிய ஆர்ஓஆர் என்ற நிறுவன அடையாளப் பட்டியலில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்; பிழை இருந்தால் திருத்தக் கேட்கலாம், கட்டணம் இல்லை. மத்திய அரசின் தரவரிசை அமைப்பான என்ஐஆர்எஃப் கட்டுரை எண்ணிக்கையை நம்மிடம் கேட்பதில்லை, ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நிறுவனச் சுயவிவரம் அங்கே சிதறிக் கிடந்தால், செய்த வேலைகூடக் கணக்கில் வராது.

கேட்க வேண்டியது டிஓஐ மட்டும்

ஆசிரியரிடம் தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் கேட்காதீர்கள். இணையத்தில் கட்டுரையை நிலையாக அடையாளம் காட்டும் டிஓஐ எண்ணை மட்டும் கேளுங்கள். 10 என்று தொடங்கும் அந்த எண்ணைக் கொடுத்தால் கிராஸ்ரெஃப் சேவை மற்ற எல்லாவற்றையும் இலவசமாகத் திருப்பித் தரும். நிரல் எழுதத் தெரிந்தவர் இருந்தால் நூற்றுக்கணக்கான எண்களை ஒரே ஓட்டத்தில் நிரப்பலாம். தெரியாவிட்டால் சொட்டேரோ என்ற நூற்பட்டியல் மென்பொருள் போதும். எண்ணை ஒட்டி எண்டர் தட்டினால் பதிவு வந்து விழும். சிலர் முழு இணைய முகவரியையும் ஒட்டுவார்கள், சிலர் வெறும் எண்ணை. முகவரிப் பகுதியை வெட்டி, எல்லாவற்றையும் சிறிய எழுத்துக்கு மாற்றிய பிறகே இரட்டைப் பதிவுகளைத் தேடுங்கள்.

ஆண்டு என்று ஒரு கட்டம் வைக்காதீர்கள். முழுத் தேதி வையுங்கள். தரவரிசையில் வெளியீடுகள் நாட்காட்டி ஆண்டுப்படி, ஆய்வுத் திட்ட நிதி நிதியாண்டுப்படி, நாக் ஆண்டறிக்கை கல்வியாண்டுப்படி. தேதி இருந்தால் மூன்றையும் கணினியே பிரித்துவிடும். அதோடு, கட்டுரை முதலில் இணையத்தில் வந்த நாளும் இதழில் இடம்பெற்ற நாளும் வேறு வேறாக இருக்கும். நவம்பரில் இணையத்தில் வந்தது பிப்ரவரி இதழில் அச்சாகும். இரண்டு தேதிகளையும் தனித்தனியாக வையுங்கள். எந்த அறிக்கைக்கு எந்தத் தேதி என்பதை ஒரு தாளில் எழுதி ஐக்யூஏசி ஒருங்கிணைப்பாளரின் கையொப்பம் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கட்டுரை இரண்டு ஆண்டுகளில் எண்ணப்படும்.

டிஓஐ இல்லாத ஆய்வு

இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். ஸ்கோபஸில் இல்லாதது ஆய்வே இல்லை என்ற பேச்சு பல கூட்டங்களில் சாதாரணமாக எழுகிறது. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளோடு ஒரு நூலைப் பதிப்பிக்க ஆண்டுகள் ஆகும். கல்வெட்டைப் படியெடுத்து வாசித்து வெளியிடுவதும் அப்படித்தான். வட்டாரச் சொல்லகராதி தொகுப்பவர் ஊர் ஊராகப் போயிருப்பார். இவர்களது உழைப்பு நூலாகவும் தமிழ் ஆய்விதழ்க் கட்டுரையாகவும் வெளிவருகிறது. அவற்றில் பெரும்பகுதிக்கு டிஓஐ கிடையாது. தரவுத்தளத்தில் இருந்து மட்டும் பதிவை நிரப்பினால், தமிழ்த்துறையின் பக்கம் வெற்றுத் தாளாக வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு "இந்தத் துறை என்ன செய்கிறது?" என்று கேட்பார்கள். கேட்பவர் மேல் குறையில்லை; பதிவை அமைத்தவர் மேல்தான் குறை.

ஆகவே கைப்பதிவுக்கு ஒரு வழியைத் திறந்து வையுங்கள். நூலானால் முகப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் இரண்டின் படமும் வேண்டும். ஐஎஸ்பிஎன் எண் இந்திய நூல்களுக்கு 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். இதையும் எக்செலில் உரையாகவே வையுங்கள். எண்ணாக வைத்தால் 13 இலக்கங்களையும் சுருக்கிக் காட்டும், அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாக மாற்றிச் சேமிக்கும்போது இலக்கங்கள் போயே போய்விடும். பங்கு என்ற கட்டத்தில் ஆசிரியர் என்று ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாசிரியர் என்று பிரியுங்கள். மூலச்சுவடி இருக்குமிடம், ஒப்பிட்ட படிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் குறிப்புக் கட்டம் வையுங்கள். துறைக்கு வெளியே இருப்பவர் அந்த உழைப்பின் அளவை அதிலிருந்துதான் புரிந்துகொள்வார்.

எழுத்துரு விஷயத்தில் கவனம் தேவை. பழைய பட்டியல்கள் பாமினி, டாம், டாப் போன்ற எழுத்துருக்களில் இருக்கும். பார்க்கத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துக் குப்பை. முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். யூனிகோடிலும் ஒரு நுட்பம் உண்டு. 'கொ' என்பதிலுள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் சேமிக்கப்படலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கப்படலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும்போது கிடைக்காது. இரட்டைப் பதிவு சரிபார்ப்பும் ஏமாந்துபோகும். எல்லாத் தலைப்புகளையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். இதைச் செய்ய, தரவைச் சீராக்கும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருள் போதும். தலைப்பு எழுத்துப்பிழையால் பிரிந்து கிடக்கும் பதிவுகளைக் கொத்தாகக் கூட்டிக் காட்டுவதிலும் அது கெட்டிக்காரக் கருவி.

இதழின் தரத்துக்குப் பல்கலைக்கழக மானியக்குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான கேர் பட்டியலைப் பார்த்து அதில் உண்டா இல்லையா என்று சொல்லிவிடும் வழக்கம் இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டுவிட்டது. இனி நிறுவனமே முடிவெடுக்க வேண்டும். ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பதிவு தொடங்குங்கள்: இதழின் அடையாளமான ஐஎஸ்எஸ்என் எண், ஆசிரியர் குழு, கட்டுரைகளை வல்லுநர் மதிப்பிடுகிறார்களா, கட்டணம் எவ்வளவு, யார் எப்போது சரிபார்த்தார். நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எண் சரியாக இருப்பதால் மட்டும் ஏற்காதீர்கள்; உண்மையான பதிப்பாளரின் தளத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள்.

திட்டம், காப்புரிமை, ஆய்வேடு

திட்டங்களுக்கு ஒப்புதலான தொகையையும் வந்த தொகையையும் தனித்தனியே, வந்த தேதியோடு எழுதுங்கள். மூன்றாண்டுத் திட்டத்தின் முழுத் தொகையை முதலாண்டிலேயே காட்டுவது வழக்கமான பிழை. நிதி அலுவலகத்தின் பயன்பாட்டுச் சான்றிதழோடு இந்த எண் ஒத்துப்போக வேண்டும்.

காப்புரிமையில் விண்ணப்பித்தது, வெளியிடப்பட்டது, வழங்கப்பட்டது என்று மூன்று நிலைகள். இந்தியாவில் விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகு வெளியிடப்படுகிறது. வெளியிடப்பட்டது என்றால் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. வடிவமைப்புப் பதிவைக் காப்புரிமையோடு சேர்க்கவே கூடாது, அதற்குத் தனிக் கட்டம்.

ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையவழி ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றப்பட வேண்டும் என்பது 2009 விதிகளில் இருந்தே உள்ள கடமை. அங்கே கிடைக்கும் நிலையான முகவரியையே ஆய்வேட்டின் அடையாள எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். நெறியாளர், பதிவுத் தேதி, வாய்மொழித் தேர்வுத் தேதி மூன்றும் இருந்தால் போதும்.

எந்த மென்பொருள்?

பல்கலைக்கழக மானியக்குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஐரின்ஸ் என்ற ஆய்வுத் தகவல் சேவை இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு இலவசம். அதே மையத்தின் வித்வான் என்ற வல்லுநர் தரவுத்தளச் சுயவிவரங்களை அடிப்படையாகக் கொண்டது. துறைவாரியாகப் பக்கங்களை அமைத்துத் தரும். பெரும்பாலான நிறுவனங்களுக்கு அதிலிருந்து தொடங்குவதே நல்லது. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று அட்டவணைகளை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். கணினிப் பணியாளர் இருக்கும் பல்கலைக்கழகம் டிஸ்பேஸ்-கிரிஸ், விவோ போன்ற திறந்த மூல மென்பொருள்களை நிறுவலாம். ஐம்பது ஆசிரியர் உள்ள கல்லூரிக்கு மூன்று தாள் கொண்ட ஒரு விரிதாளும் ஒரு படிவமும் தாராளம். ஸ்கோபஸுக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள் 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த தரவுத்தளத்தைப் பயன்படுத்தலாம். ஆர்ஓஆர் எண்ணைக் கொடுத்தால் உங்கள் நிறுவனப் பெயரில் வந்த கட்டுரைகளைப் பட்டியலிடும். பிழைகள் இருக்கும், ஆனால் ஆசிரியர்கள் சொல்ல மறந்தவை வெளிப்படும்.

விலைக்கு வாங்குவதானால் விற்பனையாளரிடம் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எல்லாத் தரவையும் இணைப்பு அட்டவணையோடு சேர்த்து வெளியே எடுக்க முடியுமா? ஒப்பந்தம் முடிந்த பிறகும் எடுக்க முடியுமா? தமிழ்த் தலைப்பை உள்ளிட்டுத் தேடிக் காட்டுங்கள் என்று செயல்முறை விளக்கத்தின்போதே கேளுங்கள். பளபளப்பான வரைபடங்களோடு வந்த ஒரு மென்பொருள், தமிழ் நூல் பெயரை இட்டதும் கட்டம் கட்டமாகக் காட்டியதை நான் நேரில் பார்த்தேன்.

மதிப்பீட்டுக்கு வரும்போது

என்ஐஆர்எஃப் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுக்கான பங்கு 30 விழுக்காடு. நிறுவனத்தை எடைபோடும் அந்தக் கணக்கையே தனி ஆசிரியர் மேல் இறக்குவது தவறு. எச்-குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005இல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்தது. ஒருவரது குறியீடு 10 என்றால், அவரது 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள். அது ஒருபோதும் குறையாது. ஆகவே மூத்தவருக்குச் சாதகம். வேதியியலில் மேற்கோள்கள் குவியும், கணிதத்தில் மெதுவாக வரும். கணித ஆசிரியரையும் வேதியியல் ஆசிரியரையும் ஒரே பட்டியலில் எச்-குறியீட்டின்படி வரிசைப்படுத்துவது அநியாயம், அதை மென்பொருள் ஒரே சொடுக்கில் செய்துதரும் என்பதால் நியாயமாகிவிடாது. இதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் அளவை, வைத்துத் தனிக் கட்டுரையை எடைபோட வேண்டாம் என்று 2012ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ அறிக்கை தெளிவாகக் கேட்டுக்கொண்டது. 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளில், உள்ளூர் சார்ந்த ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பதும், மதிப்பிடப்படுகிறவர் தம் தரவைச் சரிபார்க்க வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் உண்டு. இந்த இரண்டையும் அச்செடுத்து ஆய்வுக்குழுக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள்.

சராசரி மேற்கோளைக் காட்டாதீர்கள். எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை (மீடியன்) காட்டுங்கள். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். மேற்கோள்கள் குவியும் அதுபோன்ற ஒரு கட்டுரையில் நம் துறையினர் ஒருவர் இருந்தால் துறைச் சராசரி வானத்துக்குப் போய்விடும். அத்தகைய கூட்டு முயற்சிகளைத் தனியே குறிப்பிட்டு, ஒரு கட்டுரையை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் பங்கிட்டு எண்ணும் பங்குவீதக் கணக்கையும் பக்கத்தில் தாருங்கள்.

எங்கள் அறிக்கையில் நான் வற்புறுத்திச் சேர்த்த பகுதி, ஒவ்வொரு துறையும் தானே தேர்ந்தெடுக்கும் ஐந்து ஆக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி: என்ன கண்டுபிடித்தோம், யாருக்குப் பயன்பட்டது. குழு உறுப்பினர்கள் எண்களைத் தாண்டி நின்று வாசிப்பது இந்தப் பக்கத்தைத்தான். விவாதமும் இங்கேதான் நல்லபடியாகத் தொடங்குகிறது.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பருவத்துக்கு ஒரு முறை பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. உங்கள் டிஓஐ பட்டியலை அதோடு ஒப்பிட்டால் போதும். பெயர் கிடைத்ததும் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பிவிடாதீர்கள். நேர்மையான பிழையைத் தாமே கண்டு திரும்பப் பெற்றவர்களும் இருப்பார்கள். முதலில் அறிவிப்பை வாசியுங்கள், பிறகு ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள்.

எந்த அறிக்கை வெளியே போவதற்கு முன்பும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் அவரவர் பதிவை அனுப்பி இரண்டு வாரம் அவகாசம் கொடுங்கள். பதில் வராதவர்களைத் தொலைபேசியில் அழையுங்கள். பிறகு பதிவை உறையவைத்து, அந்த நாளின் படியைத் தேதியிட்ட கோப்பாகச் சேமியுங்கள். மேற்கோள் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். தேதி இல்லாத எண்ணை அறிக்கையில் விடாதீர்கள். அடுத்த ஆண்டு யாராவது "போன முறை வேறு எண் கொடுத்தீர்களே" என்று கேட்டால் அந்தக் கோப்பைத் திறந்து காட்டலாம்.

கடைசியாகக் கணக்குகள். ஐரின்ஸ் பொறுப்பாளர் கணக்கு, ஸ்கோபஸ் நிறுவனச் சுயவிவரத் திருத்தங்கள், படிவத்தின் உரிமை எல்லாம் யாராவது ஒருவருடைய சொந்த ஜிமெயிலில் இருந்தால் அவர் மாறுதலாகிப் போகும் நாளில் பதிவும் போய்விடும். பதவியின் பெயரில் ஓர் அலுவலக மின்னஞ்சல் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, கடவுச்சொல்லை மூடிய உறையில் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.